சுவிஸ் பயணத்தில் ரயிலும் படகும்: பாஸ் வாங்கும் முன் வழியைப் போடுங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் எட்டு இரவு. ஜூரிக்கில் இறங்கி ஜெனிவாவில் விமானம் ஏறுகிறீர்கள். நீங்கள், கணவர், 9 மற்றும் 13 வயதுப் பிள்ளைகள், 68 வயது அம்மா என ஐந்து பேர். எட்டு நாள் சுவிஸ் டிராவல் பாஸை (குறிப்பிட்ட நாட்களுக்கு நாடு முழுக்கப் பயணிக்கும் ஒரே டிக்கெட்) எல்லாருக்கும் எடுத்துவிட்டால் போதுமா, ஏரிப் படகுகள் அதில் அடங்குமா, யுங்ஃபிராவ் மலை ரயிலும் கிளேசியர் எக்ஸ்பிரஸ் என்ற சுற்றுலா ரயிலும் சேருமா என்பது கேள்வி.

படகுகள் அடங்கும். யுங்ஃபிராவ் பாதி வழிதான் அடங்கும். கிளேசியர் எக்ஸ்பிரஸ் அடங்கும், ஆனால் இருக்கைப் பதிவுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். பிள்ளைகள் இருவருக்கும் பாஸ் வாங்கவே வேண்டாம். பெரியவர்கள் மூவருக்கும் பாஸ் லாபமா, அரைக்கட்டண அட்டை லாபமா என்பது நீங்கள் யுங்ஃபிராவ் ஏறுகிறீர்களா இல்லையா என்ற ஒன்றைப் பொறுத்தே இருக்கிறது. ஏன் அப்படி என்று கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் பிள்ளைகள். பெற்றோரில் ஒருவரிடம் பாஸோ அரைக்கட்டண அட்டையோ இருந்தால், 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் சுவிஸ் ஃபேமிலி கார்டு இலவசமாகக் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு அவர்கள் பெற்றோருடன் ரயில், பேருந்து, படகு எல்லாவற்றிலும் காசில்லாமல் வரலாம். ஆறு வயதுக்குக் கீழே அட்டைகூடத் தேவையில்லை. ஆனால் இது தானாக வந்து சேராது. பாஸ் வாங்கும்போதே பிள்ளைகளின் பெயரைச் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும். சில பயண முகவர்கள் பிள்ளைகளுக்கும் அரைவிலைப் பாஸ் சேர்த்து விலை சொல்கிறார்கள். அப்படி வந்தால் அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு மூத்த குடிமக்கள் சலுகை கிடைக்குமா என்று கேட்காதீர்கள், இந்தப் பாஸில் அப்படி ஒன்று இல்லை.

இனி பெரியவர்கள். சுவிஸ் டிராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாள் என்ற அளவுகளில் வருகிறது. சாதாரணப் பாஸ் என்றால் நாட்கள் தொடர்ச்சியாக ஓடும். ஃப்ளெக்ஸ் என்ற வகையில் ஒரு மாதத்துக்குள் விரும்பிய நாட்களைத் தேர்ந்தெடுக்கலாம், விலை கொஞ்சம் கூடுதல். 2025 விலையில் இரண்டாம் வகுப்பு எட்டு நாள் பாஸ் ஒருவருக்குச் சுமார் 420 பிராங்க். ஆறு நாளுக்கும் எட்டு நாளுக்கும் வித்தியாசம் 40 பிராங்க்தான். அதனால் உங்களைப் போல எட்டு நாள் சுற்றுகிறவர்கள் ஆறு நாள் பாஸை வாங்கி இரண்டு நாளுக்குத் தனி டிக்கெட் எடுப்பதில் மிச்சம் ஒன்றும் இல்லை.

அரைக்கட்டண அட்டைக்கு விலை 150 பிராங்க், ஒரு மாதம் செல்லும். இதைக் காட்டினால் ரயில், படகு, பேருந்து எல்லாம் பாதி விலை. மலை ரயில்களிலும் கம்பிவண்டிகளிலும் பெரும்பாலானவை பாதி விலை. யுங்ஃபிராவ் ரயில் போய்ச் சேரும் இடம் யுங்ஃபிராவ்யோக். பாஸ் 25 சதவீதம் மட்டும் தள்ளுபடி தரும் அந்த வழியிலும் இந்த அட்டைக்குப் பாதி விலை உண்டு. முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

கணக்கு இப்படி. அட்டையோடு போனால் உங்கள் செலவு 150, அதோடு எல்லா டிக்கெட்டின் பாதி. பாஸ் என்றால் 420. இரண்டும் சமமாக வேண்டும் என்றால் முழுவிலை டிக்கெட்டுகளின் கூட்டுத்தொகை 540 பிராங்க் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பாஸ் லாபம், கீழே என்றால் அட்டை லாபம். நான் கீழே சொல்லப்போகும் திட்டத்தில் யுங்ஃபிராவ் நீங்கலாக முழுவிலைக் கூட்டுத்தொகை ஒரு பெரியவருக்கு 500 பிராங்க் வாக்கில் வரும். அதாவது கிட்டத்தட்ட சமம். இதில் நகரப் பேருந்து, டிராம், அருங்காட்சியக நுழைவு எல்லாம் பாஸில் இலவசம் என்பதைச் சேர்த்தால் பாஸ் பக்கம் கொஞ்சம் சாயும். ஆனால் யுங்ஃபிராவ்யோக் ஏறினால், கிரின்டெல்வால்டிலிருந்து போக வர முழு விலை 200 பிராங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ் இருந்தால் 150, அட்டை இருந்தால் 100. ஒருவருக்கு 50, மூவருக்கு 150 பிராங்க் வித்தியாசம். உடனே அட்டை முந்திவிடுகிறது.

விலைகள் ஆண்டுதோறும் மாறும். நீங்கள் வாங்கும் நாளில் இருக்கும் விலையை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். சுவிஸ் ரயில்வேயின் செயலி எஸ்பிபி மொபைலில் எந்த இரண்டு ஊரைப் போட்டாலும் முழு விலை, பாதி விலை இரண்டும் தெரியும். அரை மணி நேர வேலைதான்.

அட்டை எடுத்தால் இன்னொரு வசதியும் உண்டு. சேவர் டே பாஸ் என்று ஒரு நாளுக்கு மட்டுமான டிக்கெட் இருக்கிறது. முன்கூட்டியே வாங்கினால் அட்டை வைத்திருப்பவர்களுக்கு 29 பிராங்கிலிருந்து கிடைக்கும். நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். நீண்ட தூரம் போகும் ஓரிரு நாட்களுக்கு மட்டும் அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு படகுக்கும் ரயிலுக்கும் டிக்கெட் எடுத்துக்கொண்டே இருப்பது அம்மாவையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு சிரமம் என்று நினைத்தால், கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் பாஸ் எடுப்பதில் தவறே இல்லை. மழை வந்தால் நினைத்த நேரத்தில் வேறு ரயிலில் ஏறி மழையில்லாத பக்கம் போய்விடலாம். அந்தச் சுதந்திரத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு.

சரி, வழிக்கு வருவோம். பெரும்பாலான திட்டங்கள் படகில்தான் சறுக்குகின்றன. ஏரிப் படகு மெதுவாகப் போகும் வண்டி. அதை ஒரு நாளின் நடுவே ‘ஒரு மணி நேரம் போட்டிங்’ என்று செருகினால், படகுத்துறைக்குப் போவதும் வருவதுமாக அரை நாள் போய்விடும். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு மாறும் வழியில் ஒரு துண்டை ரயிலுக்குப் பதிலாகப் படகில் வைத்தால் நேரமும் வீணாகாது, காட்சியும் கிடைக்கும். சுவிஸில் பல இடங்களில் ரயில் நிலையமும் படகுத்துறையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் இது சாத்தியம். எல்லா இடத்திலும் அப்படி இல்லை, அதையும் சொல்கிறேன்.

உங்களுக்கு மூன்று தங்குமிடம் போதும்: லூசெர்னில் மூன்று இரவு, இன்டர்லாக்கன் பக்கம் மூன்று இரவு, மோன்ட்ரோவில் இரண்டு இரவு. ஜூரிக்கில் தங்க வேண்டாம். விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து லூசெர்னுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பாஸ் எடுப்பதானால் ஒன்றைக் கவனியுங்கள்: நாள் என்பது காலண்டர் தேதி, 24 மணி நேரம் அல்ல. விமானம் இரவு எட்டு மணிக்கு இறங்குகிறது என்றால் அன்றே பாஸைத் தொடங்கி ஒரு நாளைக் கரைக்காதீர்கள். லூசெர்னுக்குத் தனி டிக்கெட் எடுத்துவிட்டு மறுநாள் காலையிலிருந்து தொடங்குங்கள்.

லூசெர்ன் நிலையத்தை விட்டு வெளியே வந்து சாலையைக் கடந்தால் படகுத்துறை. ஓடும் ஐந்து நீராவிப் படகுகளும் இங்கே இருந்துதான் புறப்படுகின்றன. 1901இல் கட்டிய ‘ஊரி’ மூத்தது, 1928இல் வந்த ‘ஷ்டாட் லூசெர்ன்’ இளையது. பக்கவாட்டில் சக்கரம் சுழலும் பழைய படகுகள். நடுத்தளத்தில் இயந்திரத்தை மேலிருந்து பார்க்கும்படி திறந்து வைத்திருப்பார்கள். பித்தளையும் எண்ணெயும் மின்ன, பெரிய தண்டுகள் போய் வருவதைப் பார்த்தால் உங்கள் 13 வயதுப் பிள்ளை அந்த இடத்தை விட்டு நகராது. கால அட்டவணையில் நீராவிப் படகு ஓடும் நேரங்களுக்குத் தனிக் குறி இருக்கும், அதைப் பார்த்து நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். மேல்தளம் முதல் வகுப்பு. இரண்டாம் வகுப்புப் பாஸ் என்றால் கீழ்த்தளம். வெயில் நாளில் மேல்தளம் அருமையாக இருக்கும், விரும்பினால் அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் வித்தியாசத்தைக் கட்டி மேலே போகலாம். முழுப் பயணத்துக்கும் முதல் வகுப்புப் பாஸ் எடுக்க நான் சொல்லமாட்டேன். ரயிலில் இரண்டாம் வகுப்பே தாராளமாக இருக்கும்.

லூசெர்னில் ஒரு நாள் ரீகி மலைக்கு. படகில் ஒரு மணி நேரம் போனால் விட்ஸ்னாவ். இறங்கும் இடத்திலேயே பற்சக்கர ரயில் நிற்கும். 1871இல் ஓடத் தொடங்கிய இது ஐரோப்பாவின் முதல் மலை ரயில். உச்சி 1,797 மீட்டர், அம்மாவுக்கு மூச்சு வாங்காது. ரயில் கிட்டத்தட்ட உச்சி வரை போய்விடுவதால் நடையும் குறைவு. இறங்கும்போது அதே வழியில் வராமல் மறுபக்கம் ஆர்த்-கோல்டாவ் இறங்கி ரயிலில் திரும்பலாம். இல்லையென்றால் கால்ட்பாட் என்ற இடத்தில் இறங்கிக் கம்பிவண்டியில் வெக்கிஸ் வந்து, அங்கிருந்து படகு. இந்தச் சுற்று முழுவதும் பாஸில் அடக்கம். அதே ஏரிக்கு அருகே உள்ள ஷ்டான்சர்ஹோர்ன் மலையும் அடக்கம். பிலாட்டுஸ், டிட்லிஸ் மலைகளுக்குப் பாதி விலை. அம்மாவோடு போகும் குடும்பத்துக்கு மலை ஒன்றுதான் என்றால் நான் ரீகியைத்தான் சொல்வேன்.

இன்னொரு நாள் ஏரியின் கடைசி வரை, ஃப்ளூலென் வரை. மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நேரம் அதிகம் என்று பலரும் இதைத் தவிர்க்கிறார்கள், எனக்கு அது வருத்தம். சுவிஸ் ஏரிப் படகுகளில் எனக்குப் பிடித்தது இந்த வழிதான். ப்ரூனென் தாண்டியதும் ஏரி தெற்கே திரும்பி, இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கும். வலது கரையில் ரூட்லி புல்வெளி வரும். 1291இல் மூன்று மாநிலத்தார் இங்கே கூடிச் சத்தியம் செய்து நாட்டுக்கு அடித்தளம் போட்டார்கள் என்பது அவர்கள் மரபு. சுவிஸ் கதைகளின் வீரன் வில்லியம் டெல் படகிலிருந்து குதித்துத் தப்பினான் என்று கதை சொல்லும் இடத்தில் ஒரு சிறு தேவாலயம் இருக்கிறது. ஃப்ளூலெனிலும் துறையும் நிலையமும் அருகருகே. திரும்ப ரயிலில் ஒரு மணி நேரம் போல ஆகும். படகில் போய் ரயிலில் திரும்புங்கள், இரண்டு முறையும் படகு என்றால் பிள்ளைகள் சலித்துவிடுவார்கள்.

இதே படகையும் அதன் பிறகு தெற்கே போகும் ரயிலையும் சேர்த்துத்தான் கோட்டார்ட் பனோரமா எக்ஸ்பிரஸ் என்று விற்கிறார்கள். அதன் ரயில் முதல் வகுப்பு மட்டும், கூடுதல் கட்டணம் உண்டு. அடுத்த முறை தெற்கே டிசினோ மாநிலம் பக்கம் போவதானால், அதே பழைய மலைப்பாதையில் ட்ரெனோ கோட்டார்டோ என்ற சாதாரண ரயிலும் ஓடுகிறது, இரண்டாம் வகுப்பில் கூடுதல் கட்டணம் இல்லாமல் ஏறலாம். வாசென் என்ற ஊரின் தேவாலயம் ரயில் வளைந்து வளைந்து ஏறுவதால் மூன்று உயரங்களில் மூன்று முறை தெரியும்.

நான்காம் நாள் இன்டர்லாக்கனுக்கு மாறுகிறீர்கள். ப்ரூனிக் கணவாய் வழியாகப் போகும் லூசெர்ன்–இன்டர்லாக்கன் எக்ஸ்பிரஸில் ஏறுங்கள், ஆனால் கடைசி வரை போகாதீர்கள். பிரியன்ஸில் இறங்கிவிடுங்கள். நிலையத்தின் எதிரிலேயே படகுத்துறை, பெட்டியை உருட்டிக்கொண்டே போய்விடலாம். அங்கிருந்து பச்சை கலந்த நீல நீரில் ஒன்றேகால் மணி நேரம். வழியில் கீஸ்பாக் அருவி, இசெல்ட்வால்ட். படகு வந்து நிற்பது இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்தின் பின்புறம். நேராகப் போகும் ரயிலைவிட ஒரு மணி நேரம் போலத்தான் கூடும், பெட்டியோடு எந்தத் தொல்லையும் இல்லை. நாட்டிலேயே இதுபோல் சுலபமான ரயில்–படகு இணைப்பு எனக்குத் தெரிந்து குறைவு. ஒரே கவனம்: பிரியன்ஸ் ஏரியில் ஒரு நாளைக்குச் சில படகுகள்தான். படகு நேரத்தை முதலில் எடுத்து அதற்கேற்ப லூசெர்ன் ரயிலைத் தேர்ந்தெடுங்கள்.

இன்டர்லாக்கனில் இரண்டு நிலையம், இரண்டு படகுத்துறை. ஓஸ்ட் என்றால் பிரியன்ஸ் ஏரி, வெஸ்ட் என்றால் தூன் ஏரி. மாற்றிப் போய் நின்றால் படகு போய்விடும். இங்கே தங்குபவர்களுக்கு விடுதியில் விருந்தினர் அட்டை தருவார்கள். உள்ளூர்ப் பேருந்துக்கு அது செல்லும், கேட்டு வாங்குங்கள்.

யுங்ஃபிராவ் பற்றி என் கருத்து. யுங்ஃபிராவ்யோக் நிலையம் 3,454 மீட்டர் உயரம். ஜூனிலும் பனி, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் அம்மாவுக்கு இதய நோயோ மூச்சுத் தொல்லையோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஏற்றாதீர்கள், அந்த உயரத்தில் காற்று மெல்லியது. மேகம் மூடினால் அத்தனை காசு கொடுத்து வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வருவீர்கள். எனவே ஐந்தாம், ஆறாம் நாட்கள் இரண்டையும் திறந்து வைத்திருங்கள். எந்த நாள் ஏறுவது என்பதை வானிலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கோடையில் இருக்கைப் பதிவு வேண்டும், அதனால் முந்தின நாள் மாலையிலேயே வானிலையைப் பார்த்துப் பதிவு செய்துவிடுவது நல்லது. 2020இல் வந்த ஐகர் எக்ஸ்பிரஸ் கம்பிவண்டியில் கிரின்டெல்வால்ட் டெர்மினலிலிருந்து போனால் நேரம் மிச்சம்.

ஓஸ்ட் நிலையத்திலிருந்து லாவ்டர்புரூனென், கிரின்டெல்வால்ட் இரண்டுக்கும் ஒரே ரயில்தான் புறப்படும். ட்ஸ்வைலூட்ஷினென் என்ற இடத்தில் அது இரண்டாகப் பிரிந்துவிடும். பெட்டியின் பக்கத்தில் ஊர்ப்பெயர் ஒளிரும், அதைப் படித்துவிட்டு ஏறுங்கள். அம்மா ஒரு பெட்டியிலும் பிள்ளைகள் இன்னொன்றிலும் ஏறிவிடக் கூடாது.

யுங்ஃபிராவ் வேண்டாம் என்றால் லாவ்டர்புரூனென் பள்ளத்தாக்கும் மூரென் ஊரும் போதும், மூரென் வரை பாஸில் அடக்கம். கார் நுழையாத ஊர். எதிரே ஐகர், மோன்க், யுங்ஃபிராவ் மூன்று சிகரமும் வரிசையாக நிற்கும். கீழே நின்று பார்ப்பதிலும் குறைவில்லை.

ஏழாம் நாள் மோன்ட்ரோ. இன்டர்லாக்கன் வெஸ்டிலிருந்து தூன் ஏரியில் ஷ்பீட்ஸ் வரை படகில் போய் அங்கே ரயில் ஏறலாம் என்று வரைபடம் பார்த்தால் தோன்றும். பெட்டியோடு வேண்டாம். ஷ்பீட்ஸ் துறை கீழே, நிலையம் மேட்டின் மேலே, நல்ல ஏற்றம். தூன் ஏரிப் படகு வேண்டுமென்றால் முந்தின நாள் கை வீசிக்கொண்டு தூன் வரை போய் வாருங்கள். அங்கே துறையும் நிலையமும் பக்கத்தில். இன்டர்லாக்கனிலிருந்து மோன்ட்ரோவுக்குக் கோல்டன்பாஸ் எக்ஸ்பிரஸ் 2022 டிசம்பரிலிருந்து மாறாமல் நேரே போகிறது. ட்ஸ்வைசிம்மெனில் தண்டவாள அகலம் மாறுவதால் அதுவரை பயணிகள் அங்கே இறங்கி வேறு ரயில் ஏற வேண்டியிருந்தது. இப்போது பெட்டிகளின் அடிச்சக்கர அமைப்பே அகலத்தை மாற்றிக்கொள்கிறது. அம்மாவுக்காக இந்த ரயிலில் இருக்கைப் பதிவுக் கட்டணம் கொடுப்பது நியாயம்.

கிளேசியர் எக்ஸ்பிரஸை இந்த முறை விட்டுவிடுங்கள். ட்செர்மாட்டிலிருந்து சென்ட் மொரிட்ஸ் வரை எட்டு மணி நேரம், உங்கள் வழியிலிருந்து முற்றிலும் விலகியது. கட்டாய இருக்கைப் பதிவுக்குப் பாஸ் இருந்தாலும் ஒருவருக்கு 50 பிராங்க் அளவில் ஆகும். அதே தண்டவாளத்தில் சாதாரண ரயில்கள் பதிவில்லாமல் ஓடுகின்றன, காட்சி அதேதான். எட்டு நாளில் அதைச் செருக நினைத்தால் ஏரிகளை இழப்பீர்கள்.

எட்டாம் நாள் மோன்ட்ரோ பக்கத்து ஷில்லோன் கோட்டை, பாஸ் இருந்தால் நுழைவு இலவசம். அங்கிருந்து படகில் லாவோ திராட்சைச் சரிவுகளை ஒட்டி லோசான்-ஊஷி வரை வாருங்கள். 2007இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த சரிவுகள் அவை. ரயிலிலிருந்தும் தெரியும், ஆனால் அடுக்கடுக்காக எழும் அந்த முழு அமைப்பு நீரிலிருந்து பார்த்தால்தான் பிடிபடும். ஊஷியிலிருந்து லோசான் நிலையத்துக்கு மெட்ரோ ஏறினால் சில நிமிடம்.

மறுநாள் காலை மோன்ட்ரோவிலிருந்து ஜெனிவா விமான நிலையத்துக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். வந்த அன்று பாஸைத் தொடங்காமல் மிச்சம் பிடித்த நாள் இதற்கு உதவும். பாஸோ அட்டையோ எதுவானாலும் கடவுச்சீட்டில் உள்ள பெயரிலேயே வாங்குங்கள். பரிசோதகர் கேட்டால் பாஸோடு கடவுச்சீட்டையும் காட்ட வேண்டும், பெட்டிக்குள் அடியில் வைத்துவிடாதீர்கள். தங்குமிடங்களை முதலில் பதிவு செய்து, யுங்ஃபிராவ் பற்றி வீட்டில் பேசி முடிவெடுத்த பிறகு பாஸா அட்டையா என்று வாங்கினால் போதும். இரண்டுமே பயணத்துக்குச் சில நாள் முன்பு இணையத்தில் கிடைக்கும், அவசரமே இல்லை.